மாதா முந்தானை நீலம்

மார்ச் 5, சாம்பல் புதன்

மெட்ராஸ் ஸ்டேட்டுக்குத் தமிழ்நாடு என்று பேர் வந்த வருஷம். அண்ணா செத்து இரண்டு மாசம். நிலாவில் மனுசன் இறங்க இன்னும் மூன்று மாசம் இருந்தது. எங்கள் ஏற்காட்டு மலையில் காப்பி இரண்டு தடவை பூத்ததும், என் மகன் பவுல் பிறந்து முப்பத்தைந்தாம் நாளும் அதே வருஷம்தான். எந்த வருஷம் என்று யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்பதால் இவ்வளவும் சொல்கிறேன்.

சாமியார் இன்று நெற்றியில் சாம்பல் பூசிவிட்டு வீட்டுக்கு ஒரு நோட்டு கொடுத்தார். தவக்காலம் முடியும்வரை மனதில் உள்ளதை எழுதி வைக்க வேண்டுமாம். யாரும் கேட்க மாட்டார்களாம். எனக்கு எழுத்து தெரியாது, பெருவிரல்தான். நான் சொல்கிறேன், மருமகள் ஸ்டெல்லா எழுதுகிறாள். நீயாக ஒன்றும் சேர்க்காதே என்றேன்.

"சேர்த்தா மட்டும் படிச்சுப் பார்க்கவா போறீங்க மாமா?" என்றாள்.

இதையும் எழுது என்றேன்.

அந்த வருஷம் வாய்க்கு வந்ததற்குக் காரணம் பிள்ளைகள். பவுலின் பேத்திகள் இரண்டு பேர். அப்பன் ஆத்தாள் திருப்பூரில் வேலை, பிள்ளைகள் இங்கே. பெரியவள் பெனிட்டாவுக்கு ஒன்பது, சின்னவள் ஜாய்லினுக்கு ஐந்து. போனில் எதையோ பார்த்துவிட்டு, இந்த ஈஸ்டருக்கு முட்டைக்குச் சாயம் போடப் போகிறோம் என்று குதிக்கிறார்கள். இந்த வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. ஏன் என்று ஸ்டெல்லா கேட்டாள். அந்த வருஷம் துரை பங்களாவில் பிள்ளைகளைக் கூப்பிட்டு முட்டைக்குச் சாயம் போட்டார்கள். குசினிக்காரர் சூசையின் கவனக்குறைவால் அவருடைய சின்ன மகள் பிலோமினா செத்துப்போனாள். அவ்வளவுதான்.

ஸ்டெல்லா பேனாவை நிறுத்தினாள். "ரெஜினா டீச்சரோட தங்கச்சியா?"

ஆமாம்.

மார்ச் 6

ஒருசந்தி, ஒரு வேளைச் சோறுதான். கடைவாய்ப் பல் வலி.

மார்ச் 11

பெனிட்டா சாயத்துக்குப் பட்டியல் போடுகிறாள். போனில் காட்டுகிற சாயமெல்லாம் வேண்டாம், குசினியில் இருப்பதே போதும் என்று நான்தான் சொன்னேன். பீட்ரூட் வேகவைத்த தண்ணீரில் ரோஜா நிறம். மஞ்சள் தூளில் மஞ்சள். வெங்காயச் சருகைக் கொதிக்க வைத்தால் செங்கல் நிறம். ஒவ்வொரு டம்ளரிலும் ஒரு கரண்டி வினிகர் விட்டால்தான் சாயம் ஓட்டில் பிடிக்கும். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள்.

"உங்களுக்கு எப்படித் தாத்தா இதெல்லாம் தெரியும்?" என்றாள் பெனிட்டா.

பார்த்திருக்கிறேன் என்றேன்.

ஜாய்லின் என் மடியில் ஏறி உட்கார்ந்து சொன்னாள், "எனக்கு மாதா முந்தானை நிறம் வேணும்."

நான் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டேன். ஐம்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் இன்னொரு பிள்ளை இதே பேச்சைப் பேசியது. ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. அவளுக்கும் வயது ஐந்துதான்.

நீலம் கிடையாது என்று சொல்லிவிட்டேன். இந்த வீட்டுக்குள் நீலம் வரக்கூடாது. ஏன் என்று கேட்டதற்கு, குசினிச் சாமானில் நீலம் வராது என்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

பூசை முடிந்து ரெஜினா என்னிடம் வந்தாள். அறுபத்தைந்து வயது. கான்வென்ட்டில் முப்பது வருஷம் டீச்சராக இருந்து, இப்போது கோழி வளர்க்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாரிடமும் சிரித்துத்தான் பேசுவாள், என்னிடமும்.

"இன்னாசி மாமா, இந்த வருஷமும் சுண்ணாம்பு நீத்துக் குடுப்பீங்கல்ல? இல்ல, வயசாயிடுச்சுன்னு கையை விரிச்சிடுவீங்களா?"

"கை இருக்கிற வரைக்கும் நீத்துக் குடுக்கிறேன்."

"உங்க சுண்ணாம்பு மாதிரி வெள்ளை வேற யாருக்கும் வராது. மழைக்குக்கூட போக மாட்டேங்குது."

வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை காலையில் அவள் அப்பா சூசையின் கல்லறைக்கு வெள்ளையடிப்பாள். தங்கச்சி பிலோமினா கல்லறைச் சுவருக்கு உள்ளே, இரண்டாம் வரிசையில். அப்பா சுவருக்கு வெளியே, கொய்யா மரத்தடியில். அந்தக் காலத்துச் சாமியார் உள்ளே இடம் கொடுக்கவில்லை. சூசை எப்படிச் செத்தார் என்று எழுத வேண்டாம். பிள்ளை போன பதினோராவது மாசம்.

பிள்ளைகள் கேட்டார்கள் என்று பன்னிரண்டு முட்டை சொல்லி வைத்தாள் ஸ்டெல்லா. ரெஜினா விரல் விட்டுத் தேதியை எண்ணிப் பார்த்தாள். பிறகு, "தரேன். ஆனா சாயம் போடும்போது நான் அங்க நிக்க மாட்டேன்" என்றாள்.

மார்ச் 24

பவுல் மிளகுக் கொடிக்கு அடிக்கத் துருசு வாங்கி வந்திருக்கிறான். ஒரு பாக்கெட். மயில்துத்தம் என்றும் சொல்வார்கள். பார்க்க நீலக் கல்கண்டு மாதிரியே இருக்கும்.

எஸ்டேட்டில் என் வேலையே அதுதான். காப்பி இலைக்கு நோய் வராமலிருக்க மழைக்கு முன்னால் மருந்தடிப்போம். ஒரு பீப்பாயில் துருசுத் தண்ணீர், இன்னொன்றில் சுண்ணாம்புத் தண்ணீர். இரண்டையும் சேர்த்துக் கலக்குவது என் பொறுப்பு. துருசு தனியாகப் பட்டால் இலை கருகிவிடும். சுண்ணாம்பு போதுமான அளவு சேர்ந்தால் துருசின் விஷம் செத்துவிடும். செத்ததா இல்லையா என்று பார்க்கத் தீட்டிய கத்தியை உள்ளே விட்டு அறுபது எண்ண வேண்டும். கத்தி செம்பு பூசினது போலச் சிவந்தால் விஷம் மிச்சம் இருக்கிறது, இன்னும் சுண்ணாம்பு போடு. கத்தி வெள்ளையாகவே வந்தால் மருந்து சாது.

இருபது வருஷத்தில் என் பீப்பாயில் கத்தி சிவந்து யாரும் பார்த்ததில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. அந்தப் பெருமைதான்.

பாதியில் நிறுத்தினால் எப்படி எழுதுவது என்கிறாள் ஸ்டெல்லா. இப்படியே எழுது.

மார்ச் 25

பவுல் துருசுப் பாக்கெட்டைக் காணோம் என்று ஷெட்டைத் தலைகீழாகப் புரட்டுகிறான். எனக்கு ஒன்றும் தெரியாது.

என் டிரங்குப் பெட்டிச் சாவியைப் பிள்ளைகள் தொடக்கூடாது. இதைத் தனியாகக் கோடு போட்டு எழுது.

மார்ச் 29

பவுல் புதுப் பாக்கெட் வாங்கி அன்றைக்கே அடித்துத் தீர்த்துவிட்டான். பல் வலி தேவலை. ஜாய்லின் நாற்பது நாளும் முட்டை தின்பதில்லை என்று மாதாவிடம் சொல்லியிருக்கிறாளாம். தட்டில் ஆம்லெட் விழுந்தால் மூக்கைப் பொத்திக்கொள்கிறாள். முட்டை என்றால் உயிர் அவளுக்கு.

ஏப்ரல் 4

மழை. வெளியே போக முடியவில்லை. பிள்ளைகள் பெப்பர்மிண்ட் கேட்டு வந்தார்கள். பெட்டியில்தான் வைத்திருப்பேன் என்று அவர்களுக்குத் தெரியும். தீர்ந்துவிட்டது என்றேன். பிள்ளைகளிடம் பொய் சொன்னேன் என்று எழுது, சாமியார் அதற்குத்தானே நோட்டு கொடுத்தார்.

மழையோடு மழையாக அந்த நாளைச் சொல்லிவிடுகிறேன். துரைசாணி வருஷா வருஷம் சீமையிலிருந்து சாய மாத்திரை வரவழைப்பாள். அந்த வருஷம் பார்சல் வரவில்லை. பிள்ளைகள் ஏமாந்துபோவார்களே என்று, குசினியில் இருப்பதை வைத்துச் செய் என்று சூசையிடம் சொன்னாள். ஏழெட்டுப் பீங்கான் கோப்பை. சூசை தன் இரண்டு மகள்களையும் கூட்டி வந்திருந்தார். பெரியவள் ரெஜினா முட்டையைத் துடைத்துக் கொடுத்தாள். சின்னவள் பிலோமினா ஸ்டூல் மேல் நின்று, நீலம் எங்கே என்று அழுதாள்.

பின்வாசல் வழியாக ஒருவன் வந்தான். மருந்து கலக்கிவிட்டு வந்தவன், முழங்கை வரைக்கும் நீலம். "மாமா கை நிறம், மாமா கை நிறம். எனக்கு மாதா முந்தானை நிறம் வேணும்" என்று பிள்ளை அவன் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தது. அவன் திரும்பிப் போய் ஒரு கொட்டாங்குச்சியில் மருந்து மொண்டு வந்தான். கத்தியை விட்டு அறுபது எண்ணிப் பார்த்தான். வெள்ளை. அதனால் கொடுத்தான்.

"யாரு மாமா அந்த ஆளு?"

மருந்து கலக்குகிறவர்கள் நாலைந்து பேர் இருந்தோம்.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

ஸ்டெல்லா ஒரு வாரமாக என் முகத்தைப் பார்க்காமல் சோறு போடுகிறாள். இன்று நோட்டை எடுத்து வந்து, "மருந்து சாதுன்னா பிள்ளை ஏன் மாமா செத்துச்சு?" என்றாள்.

சொன்னேன். சூசை எல்லாக் கோப்பையிலும் ஒரு கரண்டி வினிகர் விட்டார், துரைசாணி சொன்னபடி. நீலக் கோப்பையிலும் விட்டார். புளிப்புப் பட்டால் சுண்ணாம்பு கரைந்துபோகும். செத்த விஷத்துக்கு உயிர் வந்துவிடும். காப்பிச் செடிக்கு யாரும் வினிகர் ஊற்றுவதில்லை, அதனால் அந்த ஆளுக்கு அது தெரியாது. வெகு வருஷம் கழித்து, காப்பி போர்டிலிருந்து வந்த ஓர் அதிகாரி வேறு பேச்சில் சொல்லித்தான் தெரிந்தது. முட்டைகள் விடிய விடிய அந்த நீலத்தில் ஊறின. இரண்டு முட்டை ஓடு விரிந்திருந்தது. ஞாயிறு காலையில் பாஸ்கு பூசை, ஈஸ்டர் பூசை முடிந்ததும் பிலோமினா அந்த இரண்டையும் தின்றாள். நாற்பது நாள் கழித்துத் தின்கிற முட்டை. கோப்பையில் மிச்சம் இருந்ததையும் குடித்தாள் என்றாள் பங்களா ஆயா.

பத்து மணிக்கு வாந்தி. எஸ்டேட் டாக்டர் வந்து, என்ன சேர்த்தீர்கள் என்று கேட்டார். பீட்ரூட், மஞ்சள், வெங்காயச் சருகு, வினிகர் என்றார் சூசை. நீலம் என்ன என்றார் டாக்டர். தெரியாது, கோப்பையில் இருந்தது என்றார் சூசை. அவரும் ரெஜினாவும் கொட்டாங்குச்சியைப் பார்க்கவில்லை, அந்த நேரம் முட்டை எடுக்கச் சரக்கறைக்குப் போயிருந்தார்கள். காலரா என்று நினைத்து டாக்டர் உப்புத் தண்ணீர் ஏற்றினார். பின்வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தோம். பதில் தெரிந்த ஒருவன் அந்தக் கூட்டத்தில் இருந்தான். சாயங்காலம் நாலு மணி வரைக்கும் பிள்ளைக்கு உயிர் இருந்தது.

பத்துக்கும் நாலுக்கும் நடுவில் ஆறு மணி நேரம்.

ஸ்டெல்லா எழுதி முடித்துவிட்டு, "இந்த வருஷம் முட்டை வேணாம்னு பிள்ளைங்ககிட்ட சொல்லிடவா?" என்றாள். வேண்டாம், காரணம் கேட்பார்கள் என்றேன். நீலம் இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. நீலம் வராதபடி நான் பார்த்துக்கொண்டேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

தண்ணீர் மட்டும். நாளைக் காலையில் ரெஜினாவோடு கல்லறைக்குப் போக வேண்டும். சுண்ணாம்பு நன்றாக நீர்த்திருக்கிறது.

ஏப்ரல் 19

கீழே சேலத்து ஆஸ்பத்திரி. நோட்டு வீட்டில் கிடக்கிறது. ஸ்டெல்லா மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதுகிறாள். பிள்ளை கண்ணைத் திறந்தாள். மறுபடி தூங்குகிறாள்.

ஏப்ரல் 21

ஈஸ்டர் எங்களுக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் போனது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நானும் ரெஜினாவும் சூசைக்கு வெள்ளையடித்தோம். அவள் மட்டையைத் தோய்த்துத் தோய்த்துப் பூசினாள், நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முடித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தோம். அவளுக்கு முட்டைக் கூடையைத் திருப்பி வாங்க வேண்டும்.

குசினி மேடையில் நாலு டம்ளர். ரோஜா, மஞ்சள், செங்கல். நாலாவது நீலம். வானத்து நீலம் இல்லை, மயில் கழுத்து நீலம். சுண்ணாம்பே சேராத நீலம்.

"அதே நிறம்" என்றாள் ரெஜினா.

நான் அரிவாள்மனைக்குப் பக்கத்திலிருந்த கத்தியை எடுத்து டம்ளருக்குள் விட்டேன். அறுபது எண்ணத் தேவையிருக்கவில்லை. பத்துக்குள்ளேயே கத்தி சிவந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் என் கையில் கத்தி சிவந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

பெனிட்டா அழ ஆரம்பித்தாள். "பெப்பர்மிண்ட் எடுக்கத்தான் தாத்தா சாவியை எடுத்தோம். தலகாணிக்கு அடியில இருந்துச்சு. ஆர்லிக்ஸ் பாட்டில்ல நீலக் கல்லு இருந்துச்சு. வெந்நீர்ல போட்டதும் கரைஞ்சுது."

"நான் கேக்குக்கு வாங்கின கலர்னு நினைச்சேன் மாமா" என்றாள் ஸ்டெல்லா.

"எத்தனை முட்டை குடுத்த, ரெஜினா?"

"பன்னண்டு."

எண்ணினோம். பதினொன்று. ஜாய்லினைக் காணோம்.

வீட்டைச் சுற்றிக் கூப்பிட்டோம். ரெஜினாதான் கண்டுபிடித்தாள். பின்னால் விறகு அடுக்குக்கும் சுவருக்கும் நடுவில், ஸ்டெல்லாவின் நீலப் புடவைத் தலைப்பை முக்காடு போட்டு மாதா மாதிரி உட்கார்ந்திருந்தாள். மடியில் நீல ஓடு. கையில் பாதி முட்டை, வெள்ளையெல்லாம் நீலக் கறை. வாய் ஓரத்திலும் நீலம்.

"நாளைக்குத்தான் சாப்பிடணும்னு தெரியும். ஒரு கடி தான் கடிச்சேன்" என்றாள். ஒரு கடி இல்லை.

பவுல் ஜீப்பை எடுத்தான். இறக்கத்தில் இருபது கொண்டை ஊசி. ஏழாவது வளைவில் முதல் வாந்தி. பச்சையும் நீலமும். அது என் வேட்டி மேல் விழுந்தது. அந்த வேட்டியை நான் துவைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெண் டாக்டர். "என்ன சாப்பிட்டா?" என்று கேட்டு முடிக்கவில்லை, நான் சொன்னேன். "துருசும்மா. மயில்துத்தம். சுண்ணாம்பு சேர்க்காதது. வினிகர் விட்டிருக்கு. வேகவச்ச முட்டை, ஓடு விரிஞ்சது, ரெண்டு மணி நேரம் ஊறினது. பாதிக்கு மேல தின்னிருக்கா. ஒரு மணி நேரம் ஆச்சு. பாட்டில் என் பெட்டியில இருந்தது, வச்சது நான்தான்." மூச்சு விடாமல் சொன்னேன். அந்தப் பெண் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு உள்ளே ஓடியது.

சாயங்காலம் வெளியே வந்து, "உடனே சொன்னீங்க, அதனால தப்பிச்சா. என்னன்னு தெரியாம இருந்திருந்தா நாங்க வேற எதையாவது பார்த்துட்டு இருந்திருப்போம்" என்றாள்.

வராந்தாவில் எனக்கு வலது பக்கம் ஸ்டெல்லா, இடது பக்கம் ரெஜினா. ரெஜினா எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"வினிகர் விட்டதை எதுக்கு மாமா டாக்டர்கிட்ட சொன்னீங்க?"

"சொல்லணும்னு தோணுச்சு."

"வினிகர் பட்டா என்ன ஆகும்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"வயசான காலத்துல காதுல விழுந்ததுதான்."

"எங்கப்பாகூட வினிகர் விட்டாரு" என்றாள். தன் சால்வையை எடுத்து என் கால் மேல் போட்டாள். வராந்தாவில் ஈரக்காற்று.

டாக்டரிடம் ஒரே மூச்சில் சொன்ன வாய், ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தவளிடம் திறக்கவில்லை.

ஏப்ரல் 22

ஜாய்லின் வீட்டுக்கு வந்துவிட்டாள். கஞ்சி குடிக்கிறாள். பவுல் என்னோடு பேசவில்லை. பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டான்.

ஸ்டெல்லா பழைய பக்கங்களைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "துருசு காணோம்னும் நான்தான் எழுதினேன். சாவியைத் தொடக்கூடாதுன்னும் நான்தான் எழுதினேன். கோடு வேற போட்டேன். ரெண்டையும் சேர்த்துப் பார்க்கலையே மாமா."

உன் மேல் தப்பு இல்லை. சேர்த்துப் பார்க்கக்கூடாது என்றுதான் நான் தனித்தனியாகச் சொன்னேன். துருசு ஷெட்டில் கிடந்திருந்தால் பிள்ளைகள் கைக்கு வந்திருக்காது. ஏன் வேண்டாம் என்று ஒரே ஒரு தடவை வாய் திறந்திருந்தால், ஒளிக்கவே தேவை இருந்திருக்காது.

ஏப்ரல் 23

இன்று கடைசி. முதல் பக்கத்தில் கவனக்குறைவு என்று எழுதச் சொன்னேன், அதை அடிக்க வேண்டாம். அது அங்கேயே இருக்கட்டும். கீழே இதை எழுது. கொட்டாங்குச்சியில் நீலம் கொண்டுவந்தது இன்னாசி. டாக்டர் கேட்டபோது பின்வாசலில் வாயை மூடிக்கொண்டு நின்றது இன்னாசி. வீட்டில் முப்பத்தைந்து நாள் பிள்ளை இருக்கிறது, போலீஸ் பிடித்தால் யார் பார்ப்பது என்று நினைத்தேன். அந்தப் பிள்ளைதான் இப்போது என்னோடு பேசாதவன்.

அன்றைக்கு அந்தக் குசினியிலும் வாசலிலும் இருந்தவர்களை எண்ணிப் பார்த்தேன். துரைசாணி சீமைக்குப் போய் அங்கேயே செத்தாள் என்று கடுதாசி வந்தது. ஆயா தெரசம்மாள் மஞ்சள் காமாலையில் போனாள். எஸ்டேட் டாக்டர் ரிட்டயராகி மதுரைப் பக்கம் போய் மூன்றாவது வருஷம் செத்துப்போனார். பின்வாசலில் என் பக்கத்தில் நின்ற கலவை மேஸ்திரி ராயப்பன் லாரியில் அடிபட்டுப் போனார். என் பெண்சாதி மதலம்மாளுக்கு மட்டும் சொல்லியிருந்தேன். சாகிறவரைக்கும் ஈஸ்டர் அன்றைக்கு அவள் அடுப்புப் பற்றவைத்ததில்லை. பிலோமினா சுவருக்கு உள்ளே. தன் கையால் தன் பிள்ளையைக் கொன்றுவிட்டோம் என்று நம்பிய சூசை சுவருக்கு வெளியே. நான் இருக்கிறேன். ஆனால் செய்தவனை இந்த எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது.

காலையில் ஆள் அனுப்பினேன். கோழிக்குத் தீனி போட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லி விட்டிருக்கிறாள். கேட் திறக்கிற சத்தம் கேட்கிறது. எனக்கு இதைப் படிக்கத் தெரியாது, அவளுக்குத் தெரியும். நோட்டை மூடி அவள் கையில் கொடு, ஸ்டெல்லா. படித்து முடிக்கும்வரை நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். அட்டையில் என் பேர் வேண்டாம். அந்தக் குசினிக்குள் நின்றவர்களில் உயிரோடு இருக்கிற ஒரே ஆள், நீல முட்டை வேண்டாம், சிவப்புதான் வேண்டும் என்று சொன்னதால் பிழைத்தவள், அவள் பேரை எழுது. சூசையின் மகள் ரெஜினா.